செற்றில்மென்ற் அலுவலகத்துக்குப் போனால் ஸ்பொன்சருக்குப் பிரச்சினை வருமா?

கேள்வி: அக்கா, நான் வவுனியாவில் 11 வருடம் கணிதம் படிப்பித்த ஆசிரியை. கணவர் ஸ்பொன்சர் செய்து, இரண்டு பிள்ளைகளோடு கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. மகளுக்கு 8 வயது, மகனுக்கு 3. மார்க்கம் ரோட்டுப் பக்கம் ஒரு பேஸ்மென்றில் இருக்கிறோம். அவருக்கு இரவில் வேர்ஹவுஸ் வேலை, பகலில் நித்திரை. மாமி, பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவில் வந்து எங்களோடு இருக்கிறா. எனக்கு ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், ஆனால் யாராவது கதைத்தால் வாய் திறக்க வராது, போன் அடித்தாலே கை நடுங்குகிறது. புதிதாக வந்தவர்களுக்கு உதவுகிற செற்றில்மென்ற் அலுவலகம் இருக்கிறது, அங்கே போனால் இலவசமாக ஆங்கிலமும் படிக்கலாம் என்று மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு தாய் சொன்னா. வீட்டில் கேட்டால், அது அகதியாக வந்தவர்களுக்கும் வெல்ஃபெயார் எடுக்கிறவர்களுக்கும்தான், நீ போனால் ஸ்பொன்சர் செய்தவரிடம் அரசாங்கம் காசைத் திருப்பிக் கேட்கும், வீட்டுக் கதை எல்லாம் இமிகிரேஷனுக்குப் போய்விடும் என்கிறார்கள். அரசாங்கம் பிள்ளைகளுக்காகக் கொடுக்கிற பிள்ளைக் காசுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒருவர் 300 டொலர் தந்தால் எல்லாப் படிவமும் நிரப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் அந்த அலுவலகத்துக்குப் போகலாமா? போனால் என்ன கேட்பார்கள்? திரும்பவும் ஆசிரியையாக முடியுமா? மாமிக்கும் வீட்டுக்குள் இருந்து அலுத்துவிட்டது, அவவையும் கூட்டிப் போகலாமா?

பதில்:

போகலாம், தங்கச்சி. இந்தக் கிழமையே போங்கள். பள்ளிக்கூடத்தில் அந்தத் தாய் சொன்னது சரி, வீட்டில் சொன்னது பிழை. நாலைந்து விஷயம் கேட்டிருக்கிறீர்கள், ஆனாலும் உங்கள் நித்திரையைக் கெடுப்பது ஸ்பொன்சர் கதைதான் என்று விளங்குகிறது, அதனால் அதை முதலில் முடித்துவிடுவோம்.

உங்கள் கணவர் கையெழுத்து வைத்த உறுதிமொழி இதுதான்: நீங்கள் நிரந்தர வதிவிடம் பெற்ற நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு உங்களுடைய சாப்பாடு, உடுப்பு, வீடு போன்ற அடிப்படைத் தேவைகளுக்கு அவர் பொறுப்பு. பிள்ளைகளுக்கு இந்தக் காலம் இன்னும் நீளம். அந்தக் காலத்துக்குள் நீங்கள் சமூக உதவிப் பணம், அதாவது நம் ஆட்கள் வெல்ஃபெயார் என்று சொல்கிற ஒன்ராறியோ வேர்க்ஸ், எடுத்தால்தான் அந்தக் காசை அவர் திருப்பிக் கட்ட வேண்டி வரும். ஆங்கில வகுப்பு சமூக உதவிப் பணம் இல்லை. செற்றில்மென்ற் ஆலோசகரோடு ஒரு மணித்தியாலம் இருந்து கதைப்பதும் இல்லை. ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்புறுதி கார்ட், பிள்ளையின் பள்ளிக்கூடம், பிள்ளைக் காசு ஒன்றும் அந்தக் கணக்கில் வராது. இவற்றுக்காக ஸ்பொன்சர் செய்த ஒருவருக்கு பில் வந்தது என்று யாராவது சொன்னால், அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அகதிகளுக்கு மட்டும்தான் என்ற கதை இன்னும் வேடிக்கையானது, ஏனென்றால் உண்மை கிட்டத்தட்ட அதற்கு எதிர்ப்பக்கம். இந்த அலுவலகங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காசு கொடுப்பது மத்திய அரசின் குடிவரவு அமைச்சு. அந்தக் காசில் நடக்கிற சேவையைப் பெற முதலாவது தகுதி நிரந்தர வதிவிடம். அதை நீங்கள் குடும்ப வகையில் பெற்றீர்களா, தொழில் வகையில் பெற்றீர்களா, அகதியாகப் பெற்றீர்களா என்பதெல்லாம் பிரச்சினை இல்லை. அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் இதில் அடங்குவார்கள். ஆனால் அகதிக் கோரிக்கை வைத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கதவு திறக்காது, அவர்கள் மாகாண அரசின் நிதியில் இயங்குகிற சேவைகளைத் தேடிப் போக வேண்டும். உங்களிடம் இருக்கிற பி.ஆர். கார்ட், அதாவது நிரந்தர வதிவிட அட்டை, இந்த அலுவலகங்களுக்குள் நுழைய முழு உரித்தும் தருகிறது. யாருடைய தயவும் தேவையில்லை, தருமமும் இல்லை. உங்கள் கணவர் இவ்வளவு வருடமாகக் கட்டுகிற வரியில் நடக்கிற சேவை என்று மாமியிடம் சொல்லுங்கள், அது அவவுக்கு விளங்கும்.

வீட்டில் இருக்கிறவர்கள் மேல் கோபப்பட வேண்டாம். இந்த எண்ணம் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீன்பிடிக்காரர்கள் காப்பாற்றினார்களே, அந்தக் காலத்தில் வந்தவர்களுக்கு இன்றைக்கு இருப்பது போன்ற சேவை கையில் கிடைக்கவில்லை. இப்போது லிங்க் என்று எல்லோரும் சொல்கிற இலவச ஆங்கில வகுப்புத் திட்டமே 1992 இல்தான் தொடங்கியது. ரொறன்ரோவின் சென்ற் ஜேம்ஸ் ரவுன் மாடிக் கட்டடங்களில் ஒரு வீட்டுக்குள் நெருக்கியடித்து இருந்தவர்களுக்கு, முதலில் வந்து கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ஒருவர்தான் படிவமும் நிரப்பினார், வேலையும் எடுத்துக் கொடுத்தார், ஆஸ்பத்திரிக்கும் கூட வந்தார். அந்த ஆட்கள் செய்தது பெரிய விஷயம், நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படித்தான் எல்லாவற்றுக்கும் தெரிந்தவரைப் பிடிக்கிற பழக்கம் நமக்குள் ஊறிப்போனது. இன்றைக்கு 300 டொலர் கேட்கிறவர் அந்தப் பழக்கத்தில்தான் சீவிக்கிறார்.

அவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பிள்ளைக் காசுக்கான விண்ணப்பம் இரண்டு படிவம். ஒன்று ஆர்.சி.66, மற்றது புதிதாக வந்தவர்களுக்கான இணைப்பு, ஆர்.சி.66 எஸ்.சி.எச். இரண்டையும் எந்த செற்றில்மென்ற் அலுவலகத்திலும் இலவசமாக நிரப்ப உதவி செய்வார்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, உங்கள் பி.ஆர். ஆவணம், உங்கள் இருவருடைய சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்), கனடாவுக்கு வர முதல் இலங்கையில் நீங்கள் எடுத்த சம்பளத்தின் விபரம், இவ்வளவும் கொண்டு போங்கள். இலங்கைச் சம்பளத்தை எழுதினால் காசு குறைந்துவிடும் என்று யாராவது மறைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். உள்ளதை எழுதுங்கள்.

இதில் அவசரம் இருக்கிறது. நீங்கள் வந்து ஏழு மாதம். வந்திறங்கிய காலத்திலிருந்தே உங்களுக்கு இந்தக் காசு உரித்து, ஆனால் 11 மாதத்துக்கு மேல் பின்னோக்கிக் கேட்டால் கூடுதல் ஆதாரங்கள் கேட்பார்கள், அது இழுபடும். 2025 ஜூலை தொடக்கம் 2026 ஜூன் வரையான காலத்துக்கு அதிகபட்சத் தொகை 6 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,997 டொலர், 6 இலிருந்து 17 வயது வரை 6,748 டொலர். குடும்ப வருமானம் கூடக்கூட இது குறையும், உங்களுக்கு முழுத் தொகை கிடைக்காமலும் போகலாம், ஆனாலும் மாதாமாதம் வருவதும் ஏழு மாத நிலுவையும் உங்கள் வீட்டு வாடகைக்கு எவ்வளவு உதவும் என்று கணித ஆசிரியைக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்தக் காசு தொடர்ந்து வர வேண்டுமென்றால் நீங்கள் இருவரும் ஒவ்வொரு வருடமும் வரிப் பத்திரம் கொடுக்க வேண்டும், உங்களுக்கு ஒரு டொலர் வருமானம் இல்லாவிட்டாலும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தொண்டர்கள் இலவசமாக வரிப் பத்திரம் செய்து கொடுக்கிற முகாம்கள் மார்ச், ஏப்ரலில் பல அமைப்புகளில் நடக்கும், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தாயும் தகப்பனும் ஒரே வீட்டில் இருந்தால் பொதுவாக இந்தக் காசு தாயின் பெயரில்தான் வரும், விண்ணப்பிக்க வேண்டியவரும் நீங்கள்தான். ஆகவே உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இல்லையென்றால், பி.ஆர். கார்டும் பாஸ்போர்ட்டும் எடுத்துக்கொண்டு போய்த் திறவுங்கள், வேலை இல்லாதவருக்கும் திறந்து தர வேண்டும். கணவர் நல்லவர் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன், இரவு முழுக்க நின்று வேலை செய்து உங்களைக் கூப்பிட்டவர். அப்படியிருந்தும் சொல்கிறேன்: உங்கள் பி.ஆர். கார்ட், பாஸ்போர்ட், சின் கடிதம், ஓஹிப் கார்ட், பிள்ளைகளின் ஆவணங்கள் எல்லாம் நீங்களே கை வைத்து எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரு நகலும் இருக்க வேண்டும். இந்த நாட்டில் உங்களுக்கு நடக்கிற ஒவ்வொன்றையும் இன்னொருவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிற நிலை எவ்வளவு நல்ல குடும்பத்திலும் நல்லதில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்தால், வேலைத்தலத்தில் விபத்து நடந்தால், அடுத்த நாள் இந்த வீட்டை நடத்தப் போவது யார்? அந்த நாளுக்காகத்தான் நீங்கள் தனியாக ஒரு அலுவலகத்தோடு பழகி வைத்திருக்க வேண்டும் என்கிறேன். இந்தக் கடிதத்துக்கு நான் ஒரேயொரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

இனி எங்கே போவது என்பது. ஸ்காபரோவில் தெரிவு நிறைய. கத்தோலிக் குறொஸ்கல்ச்சரல் சேர்விசஸ், அஜின்கோர்ட் கொம்யூனிட்டி சேர்விசஸ், பொலிகல்ச்சரல், சி.ஐ.சி.எஸ். என்று பல அமைப்புகள் இருக்கின்றன. பெயரில் கத்தோலிக் என்று இருப்பதால் சைவக்காரர் போகக்கூடாதோ என்று யோசிக்க வேண்டாம், எந்தச் சமயத்தவரும் போகலாம். அரசாங்க நிதி கூடிக் குறைவதால் கிளைகள் மூடுவதும் இடம் மாறுவதும் நடக்கும், ஆகவே போக முதல் ஒருமுறை விசாரியுங்கள். போன்தான் பயமென்றால் இரண்டு வழி. 211 என்ற இலக்கத்தை அழைத்து "தமிழ்" என்ற ஒரு சொல் மட்டும் சொல்லுங்கள், உரைபெயர்ப்பாளரை இணைப்பார்கள், இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம், உங்கள் வீட்டுக்குக் கிட்ட எந்த அமைப்பு, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று எல்லாம் சொல்வார்கள். மற்றது, மகளின் பள்ளிக்கூட அலுவலகம். ரொறன்ரோவில் பல பள்ளிக்கூடங்களுக்கு செற்றில்மென்ற் ஆலோசகர் குறிப்பிட்ட நாட்களில் வருவார், மகளை விடப் போகிற நேரத்திலேயே அவரைச் சந்திக்கலாம். சில நூலகக் கிளைகளிலும் இருப்பார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன், நூலகத்துக்குப் போனேன் என்று சொன்னால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை, முதல் தடவைக்கு அது லேசான வழி.

முதல் சந்திப்பில் என்ன கேட்பார்கள்? ஒரு மணித்தியாலம் அளவில் உங்களோடு இருந்து, எப்போது வந்தீர்கள், யாரோடு இருக்கிறீர்கள், என்ன படித்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள், இங்கே என்ன செய்ய விருப்பம், உடம்பு சுகமா, குடும்ப வைத்தியர் இருக்கிறாரா, வாடகை எவ்வளவு, பிள்ளைகள் எப்படி என்று கேட்டு எழுதுவார்கள். அதை வைத்து உங்களுக்கென்று ஒரு திட்டம் போடுவார்கள். நிறையப் பெண்கள் இந்த இடத்தில் "ஒரு பிரச்சினையும் இல்லை, இங்கிலிஷ் கிளாஸ் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டு எழும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். போன் அடித்தால் கை நடுங்குகிறது என்று எனக்கு எழுதினீர்களே, அதை அங்கேயும் சொல்லுங்கள். அந்த ஒரு வரிதான் ஆலோசகருக்கு மிக உபயோகமான தகவல், ஏனென்றால் உங்களுக்கு இலக்கண வகுப்பைவிடக் கதைக்கிற வட்டம்தான் முதலில் தேவை என்று அதிலிருந்து தெரியும்.

இமிகிரேஷனுக்கு என்ன போகும் என்று நேர்மையாகச் சொல்கிறேன். நிதி தருகிற அமைச்சுக்கு ஒவ்வொரு அமைப்பும் ஐகேர் என்ற கணினி முறையில் அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் உங்கள் குடிவரவு இலக்கமும், எந்தத் திகதியில் என்ன வகைச் சேவை பெற்றீர்கள் என்பதும் பதியப்படும். ஆலோசகர் எதிரே இருந்து நீங்கள் அழுததோ, மாமியோடு வந்த மனஸ்தாபமோ அதில் போகாது. உங்கள் விபரத்தை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டுமென்றால் உங்கள் கையெழுத்து வேண்டும், உங்கள் கணவருக்குச் சொல்வதானாலும் அப்படித்தான். இதற்கு விதிவிலக்கு உண்டு: ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் ஒன்ராறியோவில் யாராக இருந்தாலும் அதைப் பிள்ளைகள் பாதுகாப்பு அமைப்புக்கு அறிவிக்க வேண்டும், ஒருவருடைய உயிருக்கு ஆபத்து என்றாலும் பேசாமல் இருக்க முடியாது. இதை முதல் நாளே உங்களுக்கு விளங்கப்படுத்துவது ஆலோசகரின் கடமை, சொல்லாவிட்டால் கேளுங்கள்.

அப்புறம் நம் சமூகத்தில் மட்டும் இருக்கிற ஒரு பயம், அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தமிழ் ஆலோசகர் என்றால் அவர் மாமியின் ஊர்க்காரராக இருந்துவிட்டால்? கோயிலில் நாளைக்குக் கதை வந்துவிட்டால்? அந்தப் பயம் நியாயமானதுதான், ஸ்காபரோ அவ்வளவு பெரிய ஊர் இல்லை. தொழில் ஒழுக்கம் உள்ள ஒருவர் வெளியில் கதைக்க மாட்டார், கதைத்தால் வேலை போகும். ஆனாலும் உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால், தமிழ் இல்லாத ஆலோசகரையும் போனில் ஒரு உரைபெயர்ப்பாளரையும் கேட்கலாம், அல்லது வேறு அமைப்புக்குப் போகலாம். ஏன் என்று விளக்கம் கொடுக்கத் தேவையில்லை.

ஆங்கில வகுப்புக்கு முதலில் ஒரு மொழி மதிப்பீடு செய்வார்கள், ரொறன்ரோவில் பெரும்பாலும் வை.எம்.சி.ஏ. மதிப்பீட்டு நிலையத்தில். கேட்பது, கதைப்பது, வாசிப்பது, எழுதுவது என்று நாலுக்கும் தனித்தனியாக மட்டம் போடுவார்கள். உங்களுக்கு வாசிப்பு ஒரு மட்டத்திலும் கதைப்பது அதற்குக் கனக்கக் கீழேயும் வரக்கூடும், அதைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம், ஊரில் புத்தகத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் வருகிறது. வகுப்பைத் தெரிவு செய்யும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பிள்ளை பராமரிப்பு உள்ள லிங்க் வகுப்பு. தாய் வகுப்பில் இருக்கும் நேரம் அதே கட்டடத்தில் சிறு பிள்ளைகளை இலவசமாகப் பார்த்துக்கொள்கிற இடங்கள் உண்டு, உங்கள் மகனின் வயதுக்கு அது சரியாகப் பொருந்தும். இடம் குறைவு, காத்திருப்போர் பட்டியல் இருக்கும், ஆகவே இரண்டு மூன்று இடத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

காத்திருக்கிற நேரத்தில் மகனை ஏர்லிஓன் நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். பிறந்ததிலிருந்து 6 வயது வரையான பிள்ளைகளும் அவர்களைப் பார்க்கிறவர்களும் சேர்ந்து போகிற இடம், காசு இல்லை, பிள்ளையோடு நீங்களும் அங்கேயே இருப்பீர்கள். பிள்ளை விளையாடும், பக்கத்தில் இருக்கிற தாயோடு இரண்டு வார்த்தை ஆங்கிலம் வரும். பகலில் கணவர் நித்திரை கொள்கிற ஒரு பேஸ்மென்றில் 3 வயதுப் பிள்ளையைச் சத்தம் போடாமல் வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். காலையில் நீங்களும் பிள்ளையும் வெளியில் போனால் அவர் நாலு மணித்தியாலம் நிம்மதியாகப் படுப்பார். இந்த வகுப்பு விஷயத்தை அவரிடம் கதைக்கும்போது உரிமை, சுதந்திரம் என்று தொடங்காமல் இந்த இடத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். மகன் நாலு வயது முடிக்கிற வருடத்தில் செப்டெம்பர் மாதம் ஜூனியர் கிண்டர்கார்டன் போகலாம், பதிவு அதற்குப் பல மாதம் முந்தியே தொடங்கிவிடும், அதையும் மகளின் பள்ளிக்கூடத்தில் இப்போதே கேளுங்கள்.

திரும்பவும் ஆசிரியையாவது. முடியும், ஆனால் நாள் எடுக்கும், இந்த விஷயத்தில் உங்களுக்கு இனிப்பாகக் கதைக்க எனக்கு விருப்பமில்லை. அரச பள்ளிக்கூடங்களில் படிப்பிக்க, ஆசிரியர்களைப் பதிவு செய்கிற அமைப்பான ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியின் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகப் பட்டமும், ஆசிரியர் பயிற்சித் தகைமையும், ஆங்கிலத் தேர்ச்சிக்கு ஆதாரமும் கேட்பார்கள். நீங்கள் பட்டதாரி ஆசிரியையா, கல்வியியற் கல்லூரி டிப்ளோமா பெற்றவரா என்று எழுதவில்லை. பட்டமும் அதற்கு மேல் கல்வி டிப்ளோமாவும் இருந்தால் பாதை தெரிகிறது. டிப்ளோமா மட்டும் என்றால் இங்கே முதலில் பட்டம் முடிக்க வேண்டி வரும். எதுவானாலும் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: பெறுபேற்று ஆவணங்களைப் படித்த நிறுவனமே நேரடியாக அனுப்ப வேண்டும், உங்கள் கையில் இருக்கிற நகல் செல்லாது, ஊரிலிருந்து அதை எடுப்பிக்க மாதக்கணக்கில் ஆகும். வவுனியாவில் இருக்கிற தம்பியையோ தங்கையையோ அனுப்பி விண்ணப்பத்தைப் போடச் சொல்லுங்கள், ஆங்கிலம் சரிவரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

அதுவரைக்கும்? ஆலோசகரிடம் பாலர் கல்வித் துறை பற்றிக் கேளுங்கள். கல்லூரியில் இரண்டு வருட டிப்ளோமா முடித்துப் பதிவு செய்தால் கிண்டர்கார்டன் வகுப்பிலும் பராமரிப்பு நிலையங்களிலும் வேலை செய்யலாம், அந்த டிப்ளோமா இல்லாமலேயே உதவியாளராகச் சேருகிற இடங்களும் உண்டு. பள்ளிக்கூடங்களில் மத்தியானச் சாப்பாட்டு நேரக் கண்காணிப்பு வேலை, பின்னேர வீட்டுப்பாட உதவித் திட்டங்களில் தொண்டு, இவை எல்லாம் இங்கத்தைய வகுப்பறை எப்படி நடக்கிறது என்று பார்க்க நல்ல வழி. கணிதத்துக்கு ஆங்கிலம் குறைவாகத்தான் தேவை, பிள்ளைகள் உங்களைத் தேடி வருவார்கள். ஆனால் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலைக்கு உடனே வா, மணித்தியாலத்துக்கு இவ்வளவு கையில் தருகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் கவனம். காசு தேவை என்றால் வேலைக்குப் போவதில் குறைவே இல்லை, என்னிடம் வந்த பல ஆசிரியைகள் போனார்கள். சம்பளத் துண்டு இல்லாமல் கையில் காசு வாங்குகிற வேலை மட்டும் வேண்டாம், அடிபட்டால் கேட்க நாதி இருக்காது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதை வாசிக்கிற வேறு பெண்களுக்காக எழுதுகிறேன். ஸ்பொன்சர் செய்து வந்த மனைவி இரண்டு வருடம் கணவரோடு இருந்தால்தான் பி.ஆர். நிலைக்கும் என்று ஒரு நிபந்தனை சில தம்பதிகளுக்கு 2012 இலிருந்து இருந்தது, 2017 ஏப்ரலில் அதை நீக்கிவிட்டார்கள். நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகு "உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று சொல்ல எந்தக் கணவருக்கும் அதிகாரம் இல்லை. அப்படி மிரட்டல் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அசோல்ற்றட் விமன்ஸ் ஹெல்ப்லைன் என்ற பெண்களுக்கான உதவி இணைப்பை அழையுங்கள், 24 மணித்தியாலமும் இருக்கும், பெயர் சொல்லத் தேவையில்லை, உரைபெயர்ப்பும் கிடைக்கும்.

மாமியைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டீர்கள். சூப்பர் விசாவில் வந்தவர் பார்வையாளர்தான், ஆகவே மத்திய அரசின் நிதியில் நடக்கிற லிங்க் வகுப்பிலோ செற்றில்மென்ற் திட்டத்திலோ அவவைப் பதிய முடியாது. ஓஹிப்பும் இல்லை, அவவின் தனியார் மருத்துவக் காப்புறுதி முடிகிற திகதியைக் குறித்து வையுங்கள், அது மிக முக்கியம். ஆனால் நூலகம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஸ்காபரோவின் பல கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் அடுக்கியிருக்கிறார்கள். பல அமைப்புகளிலும் கொம்யூனிட்டி சென்ரர்களிலும் தமிழ் முதியவர்கள் கூடுகிற குழுக்கள் உண்டு, உடற்பயிற்சி, பஜனை, சமையல் என்று நடக்கும். அவற்றில் பலதுக்கு வேறு இடத்திலிருந்து நிதி வருவதால் விசா என்னவென்று பார்ப்பதில்லை. உங்கள் முதல் சந்திப்பில் இதையும் ஒரு கேள்வியாகக் கேளுங்கள். நாள் முழுக்க ஜன்னல் உயரத்தில் புல்லை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு பேஸ்மென்றுக்குள் இருக்கிற வயதான மனுசிக்கும் கதைக்க ஆள் வேண்டும். மாமி கிழமையில் ஒரு நாள் அப்படி வெளியில் போகத் தொடங்கினால் நீங்கள் வகுப்புக்குப் போவதைப் பற்றி வீட்டில் வருகிற பேச்சும் மாறும், நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பிற்போட வேண்டாம் என்று நான் நெருக்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தச் சேவைகள் எக்காலத்துக்கும் இருக்காது. கனடியக் குடியுரிமை எடுத்த அன்றோடு மத்திய அரசின் நிதியில் நடக்கிற லிங்க் வகுப்புக்கும் செற்றில்மென்ற் சேவைக்கும் உங்கள் தகுதி முடிந்துவிடும். ஐந்து வருடத்துக்குள் 1,095 நாள் இங்கே இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஆகவே உங்களுக்கு இருக்கிற காலம் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேல், அதில் ஏழு மாதம் போய்விட்டது. அத்தோடு, 18 இலிருந்து 54 வயது வரை உள்ளவர்கள் குடியுரிமைக்கு மொழித் தேர்ச்சி காட்ட வேண்டும், லிங்கில் நாலாம் மட்டம் முடித்த சான்றிதழை அதற்கு ஏற்றுக்கொள்கிறார்கள். காசு கட்டிப் பரீட்சை எழுதத் தேவை வராது.

ஆகவே வேலைகளை இப்படி ஒழுங்கு செய்யுங்கள்: முதலில் பள்ளிக்கூடத்திலோ 211 இலோ கேட்டு ஆலோசகரைச் சந்திக்க ஒரு நாள் எடுங்கள், அந்தச் சந்திப்பிலேயே பிள்ளைக் காசுப் படிவத்தை நிரப்பி முடியுங்கள், படிவத்தில் கணவரின் கையெழுத்தும் வேண்டும், ஆகவே அவர் வேலைக்குப் போக முதல் பின்னேரம் வாங்கி வையுங்கள். அனுப்ப முதல் எல்லாப் பக்கத்தையும் நகல் எடுங்கள். சில கிழமைகளில், இந்தக் காசைக் கொடுக்கிற வருமான வரித் திணைக்களத்திடமிருந்து கடிதம் வரும், இன்னும் ஆவணம் வேண்டும் என்று கேட்டிருந்தாலும் பதற வேண்டாம், புதிதாக வந்தவர்களுக்கு அப்படி வருவது வழக்கம், கடிதத்தை எடுத்துக்கொண்டு அதே ஆலோசகரிடம் போங்கள். மொழி மதிப்பீட்டுக்கான திகதியும் அந்தச் சந்திப்பிலேயே கிடைத்துவிட்டால் நல்லது, கிடைக்காவிட்டால் எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் ஆசிரியர் தகைமை பட்டமா டிப்ளோமாவா என்பதை எனக்கு எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்த பதிலில் விபரமாக எழுதுகிறேன்.